பின்பனிக் குறிப்புகள்

ஏப்ரல் இரண்டாம் வாரம். சிகாகோ. ரிக்லி ஃபீல்ட் பேஸ்பால் மைதானம்.

மூன்று டிகிரி செல்சியஸ்.

இருக்கை ஈரமாக இருக்கிறது. கைக்குட்டையால் துடைத்துவிட்டு உட்கார்ந்தாலும் ஈரம் மெல்லத் துணிக்குள் ஏறுகிறது. கொஞ்ச நேரத்தில் அது என்னுடைய ஈரமாகிவிடுகிறது.

*

மைதானத்தில் புல் பச்சையாக இருக்கிறது. உயிருள்ளவற்றில் வேறெதுவும் இன்னும் பச்சையாகவில்லை.

எல்லைச் சுவர் முழுக்கக் கொடிகள். 1937இல் நட்டவை. இப்போது இலை இல்லை. செங்கல்லின் மேல் பழுப்புத் தண்டுகள் மட்டும் ஓடுகின்றன, வயதான கையின் புறத்தில் நரம்பு ஓடுவதுபோல்.

கோடையில் பந்து இந்த இலைகளுக்குள் போய் மாட்டிக்கொள்வதுண்டு. துரத்திப்போன வீரர் நின்று இரு கைகளையும் உயர்த்துவார். தேட மாட்டார். அடித்தவருக்கு இரண்டு பேஸ். இந்த மைதானத்தின் வழக்கம் அது.

ஏப்ரலில் பந்துக்கு ஒளிய இடமில்லை. செங்கல்லில் பட்டு, ஒரு சத்தத்தோடு திரும்பி வருகிறது.

*

கிழக்கே மிச்சிகன் ஏரி. உட்கார்ந்த இடத்திலிருந்து தெரியவில்லை. காற்றாக மட்டும் வருகிறது.

மார்ச் மாத வெயிலுக்கே நிலம் இளகத் தொடங்கிவிடுகிறது. அத்தனை தண்ணீருக்கு அவ்வளவு சீக்கிரம் முடிவதில்லை. ஜனவரியை இன்னும் அடியில் வைத்திருக்கிறது. நகரத்தின் மேற்குப் பக்கத்தில் கோட்டைக் கழற்றித் தோளில் போட்டு நடக்கிறார்கள். இங்கே கழுத்துவரை பொத்தான் போடுகிறார்கள். ஒரே ஊர். ஒரே மணி.

ஸ்கோர்போர்டின் உச்சியில் வரிசையாகக் கொடிகள். எல்லாம் மைதானத்தை நோக்கிப் பறக்கின்றன.

*

தமிழில் பெரும்பொழுது ஆறு. மாசியும் பங்குனியும் பின்பனி. சித்திரையும் வைகாசியும் இளவேனில். இரண்டுக்கும் நடுவில் ஒரு கோடு இருக்கும் என்று பள்ளிக்கூடத்தில் நினைத்தேன்.

இங்கே காலையில் இளவேனில். பதினொரு மணிக்குப் பின்பனி. ஒன்றரைக்குக் கொஞ்சம் வெயில், பிறகு அதுவும் இல்லை.

பனி. புல் நுனியில் நிற்பதற்கும் அதே சொல். பாதையை மூடுவதற்கும் அதே சொல். வானத்திலிருந்து வெள்ளையாக விழுவதற்கும் அதே சொல்.

தோளில் ஏதோ விழுகிறது. மூன்றில் எது என்று பார்ப்பதற்குள் இல்லை.

*

பந்து எறிபவர் மேட்டில் நிற்கிறார். கையை வாயருகே கொண்டுபோகிறார். ஊதுகிறார்.

சாதாரண நாளில் இதைச் செய்ய முடியாது. மேடு 18 அடி வட்டம். அதற்குள் நின்று வாயைத் தொட்ட கையோடு பந்தைத் தொடக் கூடாது. ஈரம் பட்ட பந்து காற்றில் வேறு மாதிரி நடந்துகொள்ளும். அதற்காக வந்த விதி.

அதே விதியின் அடியில் ஒரு விலக்கு. குளிர் நாளாக இருந்தால், இரு அணிகளின் மேலாளர்களும் ஒப்புக்கொண்டால், ஆட்டம் தொடங்குமுன் அம்பயர் அனுமதிக்கலாம். எறிபவர் தன் கையில் ஊதிக்கொள்ளலாம்.

விரலைப் பற்றியும் எச்சிலைப் பற்றியும் இத்தனை கறாராகப் பேசும் புத்தகத்தில், மூச்சுக்கு ஓர் இடம் விட்டிருக்கிறார்கள். அந்த வரியைப் பலமுறை படித்திருக்கிறேன். பிடித்த வரி.

*

மூச்சு கண்ணுக்குத் தெரிகிறது. மேட்டில் நிற்பவருடையது. கேட்சருடையது, முகமூடிக் கம்பிகளின் நடுவே. முன்வரிசையில் ஒரு குழந்தையுடையது, சின்னச் சின்னதாக.

என்னுடையதும்.

வெளியே போவது மட்டுமே தெரிகிறது. உள்ளே வருவது தெரிவதில்லை.

*

பந்தில் தையல் 108. சிவப்பு நூல். ஒவ்வொன்றும் கையால் போட்டது. ஜபமாலையின் மணியும் 108. எண்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. அப்படியே இருக்கட்டும்.

குளிரில் தோல் வழுக்குகிறது. விரல் தையலைத் தேடுகிறது. கண் அதைப் பார்ப்பதில்லை. விரல்கூட முழுதாக உணர்வதில்லை. ஏதோ ஓர் இடத்தில் சரி என்று நிற்கிறது.

எறிகிறார்.

*

பந்து மட்டையின் கைப்பிடிக்கு அருகே படுகிறது. மரத்தின் அதிர்வு முழுதும் உள்ளங்கைக்குள் போகிறது. மட்டை பிடித்தவர் ஓடுவதற்கு முன் ஒரு கணம் கையை உதறுகிறார்.

ஓட மறந்தவர்போல் அந்த ஒரு கணம்.

*

உயரமாக ஓர் அடி. எல்லோரும் எழுகிறார்கள்.

பந்து ஏறுகிறது. மேலே ஓரிடத்தில் நிற்பதுபோல் இருக்கிறது. பிறகு சுவரை எட்டாமலே இறங்குகிறது. வீரர் நாலடி பின்வாங்கி ஏந்திக்கொள்கிறார். எல்லோரும் உட்காருகிறார்கள்.

குளிர்ந்த காற்று அடர்த்தியானது. 400 அடி போக வேண்டிய பந்து, பாரன்ஹீட்டில் பத்து டிகிரி குறைந்தால் ஏறக்குறைய மூன்று நான்கு அடி முன்னதாகவே விழுகிறது. ஜூலை மாலைக்கும் இந்த மதியத்துக்கும் நடுவே நாற்பது டிகிரியாவது இருக்கும். அப்படியென்றால் பன்னிரண்டு அடி, பதினாறு அடி. எதிர்க்காற்று தனி.

அடித்த கைக்கு அடி சரியாகத்தான் இருந்திருக்கும்.

*

கைதட்டல் வேறு சத்தமாக இருக்கிறது. எல்லோர் கையிலும் கையுறை. தூரத்தில் யாரோ தலையணையைத் தட்டுவதுபோல்.

*

வெங்காயம் வதங்கும் வாசனை. காற்று ஒரு தடவை கொண்டுவருகிறது. அடுத்த தடவை கொண்டுவரவில்லை.

*

இந்த லீகில் 30 அணிகள். ஒவ்வொன்றுக்கும் 162 ஆட்டம். பாதி சொந்த ஊரில். மொத்தம் 2,430.

1960 வரை ஓர் அணிக்கு 154தான். ஏப்ரல் நடுவில் தொடங்கினால் போதும். இப்போது மார்ச் கடைசியிலேயே தொடங்குகிறது. அந்தப் பக்கம் அக்டோபர் முழுக்க இறுதிச் சுற்றுகள். பின்னால் தள்ளினால் நவம்பர் வருகிறது. முன்னால் இழுத்தால் மார்ச் வருகிறது.

இரண்டு முனையிலும் குளிர். நடுவில் கோடை.

*

இந்த ஆண்டின் அட்டவணை போன கோடையிலேயே வந்துவிட்டது. யாரோ அரைக்கை சட்டையில் உட்கார்ந்து இந்த நாளின் பெயரை எழுதியிருக்கிறார்கள். ஊர், எதிரணி, மணி.

வானத்தைப் பற்றி ஒன்றும் இல்லை. அதற்கு அங்கே கட்டம் இல்லை.

*

இருபது ஆண்டுகளுக்கு மேல், 2004 வரை, அட்டவணை போட்டவர்கள் கணவனும் மனைவியும். ஹென்றி ஸ்டீஃபன்சன், ஹாலி ஸ்டீஃபன்சன். பெரிய அலுவலகம் இல்லை. வீடுதான்.

ஒரு வீட்டின் மேசையைக் கற்பனை செய்துகொள்கிறேன். எந்த ஊரில் எந்த இரவு விளக்கு எரியும், யார் எந்த விமானத்தில் தூங்குவார்கள், எந்தக் குழந்தையின் பிறந்தநாளுக்கு அப்பா ஊரில் இருப்பார். எல்லாம் அங்கே. நடுவில் ஒருவர் எழுந்துபோய்த் தேநீர் போட்டிருப்பார்.

*

ஏப்ரல் முழுவதையும் வெப்பமான ஊர்களிலும் கூரை போட்ட மைதானங்களிலும் வைத்துவிடலாமே. ஒவ்வொரு வசந்தத்திலும் இந்தக் கேள்வி வருகிறது. எனக்கும் வருகிறது.

தெற்கு ஊர்கள் விரும்புவதில்லை. ஏப்ரலில் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், இருக்கைகள் நிரம்புவதில்லை. சொந்த ஊர் ஆட்டங்களை இப்போதே ஆடிவிட்டால், பள்ளி விடுமுறையில் கூட்டம் வரும் ஜூலையில் வெளியூரில் அலைய வேண்டும். வடக்கு அணிகளோ முதல் மாதம் முழுக்கப் பெட்டியும் கையுமாக இருக்க வேண்டும்.

பதில்கள் சரியாகத்தான் இருக்கின்றன. கேள்வியும் போகவில்லை.

*

அட்டவணையில் பிடித்த இடம் ஒன்று உண்டு.

வடக்கே பல ஊர்களில், முதல் உள்ளூர் ஆட்டத்துக்கு மறுநாள் ஒன்றும் இருக்காது. வெறும் கட்டம். ஓய்வு நாள் என்பார்கள். உண்மையில் அது மழைக்கும் பனிக்கும் விட்டுவைத்த இடம். ஆட்டம் நடக்காமல் போனால் இந்தக் கட்டத்துக்குள் நகர்ந்துகொள்ளும்.

2018. இதே மைதானம். ஏப்ரல் 9 காலையில் பனி கொட்டுகிறது. முதல் ஆட்டம் பத்தாம் தேதிக்கு நகர்கிறது.

மற்ற ஆண்டுகளில் அந்த நாள் அப்படியே கடந்துபோகிறது. யாருக்கும் தேவைப்படாமல். வாசல்கள் பூட்டியிருக்கும். ரயில் வழக்கம்போல் ஆடிசன் நிலையத்தில் நிற்கும், இரண்டு பேர் இறங்குவார்கள். உள்ளே புல்லின் மேல் வெயில் நகர்ந்துகொண்டிருக்கும்.

*

மூன்றாவது இன்னிங்ஸ். கால்விரல்கள் எங்கோ இருக்கின்றன.

அசைத்துப் பார்க்கிறேன். காலணிக்குள் ஏதோ அசைகிறது.

*

க்ளீவ்லாண்ட். 2007 ஏப்ரல் 6. புனித வெள்ளி. சியாட்டில் அணி வந்திருக்கிறது.

பனி விழுகிறது. நிறுத்துகிறார்கள். நிலத்தைத் துப்புரவாக்கி மறுபடி ஆடுகிறார்கள். மறுபடி விழுகிறது.

க்ளீவ்லாண்ட் 4, சியாட்டில் 0. ஐந்தாவது இன்னிங்ஸின் முதல் பாதி. பால் பேர்ட் எறிகிறார். அதுவரை ஒருவரும் அவர் பந்தில் ஒரு ஹிட்கூட எடுக்கவில்லை. இரண்டு பேர் அவுட். மூன்று பேஸிலும் ஆட்கள். மட்டையோடு நிற்பவருக்கு இரண்டு ஸ்ட்ரைக் ஆகிவிட்டது.

இன்னும் ஒரு ஸ்ட்ரைக். அது விழுந்தால் இன்னிங்ஸ் முடியும். உள்ளூர் அணி முன்னிலையில் இருப்பதால், நாலரை இன்னிங்ஸே முழு ஆட்டமாகக் கணக்கில் ஏறிவிடும்.

சியாட்டில் மேலாளர் மைக் ஹார்க்ரோவ் வெளியே வருகிறார். பனியில் பந்து தெரியவில்லை என்கிறார். 1990களில் இதே க்ளீவ்லாண்ட் அணிக்குப் பல ஆண்டுகள் மேலாளராக இருந்தவர். இந்த ஊரின் ஏப்ரல் அவருக்குத் தெரியும்.

அம்பயர்கள் நிறுத்துகிறார்கள். காத்திருக்கிறார்கள்.

பிறகு போதும் என்கிறார்கள்.

*

அன்றைய விதிப்படி ஐந்து இன்னிங்ஸ் ஆகாத ஆட்டம் ஆட்டமே இல்லை. விட்ட இடத்திலிருந்து தொடர முடியாது. முதலிலிருந்து ஆட வேண்டும்.

அந்த நான்கு ரன்கள் இல்லை. பேர்ட் அவுட்டாக்கிய பதினான்கு பேர் அவுட்டாகவில்லை. பேர்ட் அன்று யாருக்கும் பந்து எறியவில்லை.

ஆனால் தோள்பட்டை வலித்திருக்கும். அன்றிரவு வெந்நீரில் கையை வைத்திருக்கலாம்.

கம்பளிக்குள் ஒடுங்கி அதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். பார்த்தது அவர்களிடம் இருக்கிறது. ஏட்டில் இல்லை. இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் இருக்கின்றன.

2020 முதல் விதி மாறிவிட்டது. இப்போது நின்ற ஆட்டம் நின்ற இடத்திலிருந்தே மறுநாளோ மறுமாதமோ தொடர்கிறது. நியாயமான மாற்றம்தான். இருந்தும் அழிந்துபோன அந்த மதியத்தின் பக்கமே மனம் திரும்பிப் போகிறது.

*

சனி, ஞாயிறு, திங்கள். பனி நிற்கவில்லை. நான்கு ஆட்டங்களும் போய்விட்டன.

அந்த ஆண்டு அட்டவணையில் சியாட்டில் அணிக்கு க்ளீவ்லாண்டுக்கு அந்த ஒரு வருகைதான். பல நூறு மைல் தள்ளி வேறு ஊர்களில் வேறு நாட்களில் அவர்களுக்கு ஆட்டங்கள் எழுதப்பட்டிருந்தன. விட்டுப்போனவற்றைப் பருவம் முழுக்கக் கிடைத்த இடைவெளிகளில் செருகுகிறார்கள். ஓர் ஆட்டம் செப்டம்பர் 26இல் சியாட்டிலில் நடக்கிறது. அங்கே க்ளீவ்லாண்ட்தான் உள்ளூர் அணி. ஒவ்வொரு இன்னிங்ஸிலும் கடைசியாக மட்டை பிடிக்கிறார்கள்.

அடுத்து க்ளீவ்லாண்டுக்கு வரவேண்டிய அணி கலிபோர்னியாவிலிருந்து ஏஞ்சல்ஸ். பனி இன்னும் கிடக்கிறது. மூன்று ஆட்டங்களும் மில்வாக்கிக்குப் போகின்றன. அங்கே மைதானத்துக்குக் கூரை உண்டு. டிக்கெட் 10 டாலர். இரண்டு அணிகளுமே அந்த ஊருடையவை அல்ல. ஊர்க்காரர்கள் வருகிறார்கள், ஏதாவது ஒரு பக்கத்துக்குக் கைதட்டுகிறார்கள்.

வெளியே குளிர். உள்ளே விளக்கு.

*

யாரோ தும்முகிறார்கள். நாலு வரிசை தள்ளி யாரோ வாழ்த்துகிறார்கள்.

*

நியூயார்க், 1907 ஏப்ரல் 11. போலோ கிரவுண்ட்ஸ். காலையில் பனியை அள்ளி ஓரங்களில் குவித்துவைக்கிறார்கள். எட்டாவது இன்னிங்ஸில் கூட்டம் உள்ளே இறங்குகிறது. குவியலிலிருந்து உருண்டை பிடித்து எறிகிறது. தடுக்கக் காவலர்கள் இல்லை. அம்பயர் பில் க்ளெம் ஆட்டத்தை எதிரணிக்குக் கொடுத்துவிடுகிறார்.

அன்று மைதானத்தில் பறந்த பெரும்பாலானவை பனிப்பந்துகள்.

*

டொரான்டோ, 1977 ஏப்ரல் 7. அந்த ஊரின் புதிய அணிக்கு முதல் ஆட்டம். தரை முழுக்க வெள்ளை. அதே ஊரின் பனிஹாக்கி அணியிடமிருந்து ஸாம்போனி வண்டியை இரவல் வாங்கி ஓட்டுகிறார்கள். டக் ஆல்ட் இரண்டு ஹோம் ரன் அடிக்கிறார். 9–5. 44,649 பேர் பார்க்கிறார்கள்.

வெள்ளைத் தரையில் வெள்ளைப் பந்து. கண் எதைப் பின்தொடர்ந்தது என்று யோசிக்கிறேன். தையலின் சிவப்பையா. நிழலையா. ஆளின் ஓட்டத்தையா.

*

டென்வர், 2013 ஏப்ரல் 23. முதல் பந்தின்போது பாரன்ஹீட்டில் 23. மைனஸ் ஐந்து டிகிரி. பதிவில் இருப்பவற்றில் அதைவிடக் குறைவு இல்லை.

*

மினியாபொலிஸ். 2009 வரை கூரையின் கீழ் ஆடியவர்கள். 2010 முதல் திறந்த வானத்தின் கீழ். புல்லுக்கு அடியில் குழாய்கள், மண்ணைச் சூடாக வைக்க.

2018 ஏப்ரலில் அங்கே பெரும்பனிப்புயல். தொடர்ந்து மூன்று நாள் ஆட்டம் இல்லை. பிறகு அணி விமானம் ஏறி போர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவானில் இறங்குகிறது. முன்னரே எழுதிவைத்த இரண்டு ஆட்டங்கள். தென்னை. வியர்வை. இரண்டாம் ஆட்டம் 16 இன்னிங்ஸ் நீள்கிறது.

உடம்பு எந்த மாதத்தில் இருப்பதாக நினைத்திருக்கும்.

*

நான்காவது இன்னிங்ஸ். மழையா பனியா என்று சொல்ல முடியாதது விழத் தொடங்குகிறது. கோட்டில் பட்டதும் ஒரு கணம் மணியாக நிற்கிறது. பிறகு நீர்.

பந்து எறிபவர் ஊதுகிறார். எறிகிறார். ஊதுகிறார்.

*

ஸ்கோர்போர்டுக்குள் ஆட்கள் இருக்கிறார்கள். 1937இலிருந்து இப்படித்தான். எண் எழுதிய தகடுகளை உள்ளேயிருந்து கையால் செருகுகிறார்கள். வேறு ஊர்களின் ஆட்டங்களும் அந்தப் பலகையில் உண்டு. சில வரிசைகளில் எண்கள். சில வரிசைகளில் இரண்டு ஊர்ப் பெயர்கள் மட்டும்.

ஒரு கட்டத்துக்குள் கை ஒன்று தெரிகிறது. பூஜ்யத்தை வைத்துவிட்டு உள்ளே போகிறது.

*

குளிர் வலி என்று தோன்றவில்லை. காதில் ஒன்று. முழங்காலில் ஒன்று. விரல் நுனியில் ஒன்று. தனித்தனியாக. ஒன்றைப் பார்த்தால் மற்றவை ஒதுங்கிக்கொள்கின்றன.

வீட்டுக்குப் போகலாம் என்று ஒரு நினைப்பு வருகிறது. இருக்கட்டும் என்று இன்னொன்று. இரண்டும் போகின்றன. உட்கார்ந்திருப்பது நடக்கிறது.

*

பக்கத்து இருக்கையில் ஒரு முதியவர். மடியில் காகிதம், கையில் பென்சில். ஒவ்வொரு பந்தையும் குறிக்கிறார். கையுறையின் விரல் நுனிகளை மட்டும் வெட்டிவிட்டிருக்கிறார். காகிதம் நனைகிறது. எழுத்து பரவவில்லை. பென்சில் என்பதால்.

*

அம்பயர் கை உயர்த்துகிறார்.

ஓரத்திலிருந்து ஆட்கள் ஓடிவருகிறார்கள். பெரிய உருளையைத் தள்ளுகிறார்கள். தார்ப்பாய் விரிகிறது. நுனியைப் பிடித்தபடி இருபது பேர் ஓடுகிறார்கள், ஒரு பெரிய விரிப்பைக் கட்டிலுக்குப் போடுவதுபோல். காற்று அடியில் புகுந்து ஓரிடத்தில் தூக்குகிறது. ஒருவர் அதன்மேல் படுத்துக்கொள்கிறார்.

மேடு மறைகிறது. பேஸ்கள் மறைகின்றன. வெள்ளைக் கோடுகள் மறைகின்றன.

*

சத்தம் மாறுகிறது. புல்லில் விழும்போது கேட்காதது தார்ப்பாயில் கேட்கிறது.

*

பாதிப்பேர் கூரைக்கடியில் போய் நிற்கிறார்கள். சிலர் திரும்பி வருவதில்லை. முதியவர் காகிதத்தைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு அங்கேயே இருக்கிறார்.

ஆட்டம் தொடரலாம். இன்றிரவு. நாளை. இந்த அணி மறுபடி வரும் ஒரு ஆகஸ்ட் நாளில், கொடிகளில் இலை இருக்கும்போது.

*

தார்ப்பாயின் நடுவில் தண்ணீர் தேங்குகிறது. வானம் அதில் சாம்பல் நிறமாக இருக்கிறது. காற்று வரும்போது சுருங்குகிறது. காற்று நிற்கும்போது விரிகிறது.

மூச்சு போகிறது.

ஸ்கோர்போர்டில் ஐந்தாவது கட்டம் காலியாக இருக்கிறது. அதன் உள்ளே இருட்டு. இருட்டில் ஒரு முகம், வெளியே பார்த்துக்கொண்டு.